எதிரணி ரசிகருக்கு உரிய மரியாதை

பாஸ்டன் பகுதியின் நான்கு கல்வி நிறுவனங்களின் அணிகள் ஆண்டுதோறும் மோதும் பீன்பாட் என்ற பனி ஹாக்கிப் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் பாஸ்டன் கல்லூரிக்கும் இடையிலான பகைதான் முதலில் பேசப்படுகிறது. அந்தப் பகை உண்மையானது. அதை மறைக்கவோ மழுப்பவோ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதற்குள்ளேயே தலைமுறைகளாக வளர்ந்திருக்கும் மரியாதையைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். நான் பல்கலைக்கழக அணியின் ரசிகன். கல்லூரி அணியின் ரசிகர்கள் சிலர் என் நெருங்கிய நண்பர்கள்.

இரண்டு வளாகங்களும் ஒரே காமன்வெல்த் அவென்யூவில், ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. ஆட்டம் முடிந்தபின் எங்கள் சிவப்புச் சட்டையும் அவர்களின் மெரூன் சட்டையும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்து நின்றுதான் வீடு திரும்ப வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உயர்நிலையான முதல் பிரிவில் கூடைப்பந்து ஆடும் கல்வி நிறுவனங்கள் 350க்கும் மேல் உள்ளன. ஆண்கள் ஹாக்கியிலோ அந்த எண்ணிக்கை 60ஐச் சற்றே தாண்டுகிறது. வீரர்கள் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விட, ரசிகர்கள் மட்டும் அதே அரங்கங்களில், எதிர்வரிசையில் அதே முகங்களைப் பார்த்தபடியே வயதாகிறார்கள். இந்தச் சிறிய வட்டத்தில் நம் ஆர்வத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடியவர், பெரும்பாலும், நாம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்.

1978 பிப்ரவரி 6 அன்று பீன்பாட் அரையிறுதி ஆட்டங்கள் பழைய பாஸ்டன் கார்டன் அரங்கில் நடந்துகொண்டிருந்தபோது, வெளியே நகரத்தையே முடக்கிய பனிப்புயல் வீசத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழக அணி கல்லூரி அணியை 12-5 என்று வீழ்த்தி முடிப்பதற்குள் சாலைகள் மூடிக்கொண்டன. ஆட்டத்தை விட்டு எழுந்து போக மனமின்றித் தங்கியிருந்த ரசிகர்களில் பலர் வீட்டுக்குப் போக வழியின்றி அரங்கிலேயே சிக்கி, இருக்கைகளில் உறங்கி, உணவுக் கடைகளில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு நாட்களைக் கழித்தார்கள். சற்று முன்வரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் அப்படித் தங்கியதை இந்த நகரத்தின் ஹாக்கி ரசிகர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். ஏழு கோல் வித்தியாசத்தில் தோற்ற அணியின் ரசிகர்களும் அதே பெருமையோடு சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டிராவிஸ் ராயை நினைக்காமல் இதை எழுத என்னால் முடியாது. 1995 அக்டோபர் 20 அன்று, முந்தைய பருவத்தின் தேசியப் பட்டத்துக்கான கொடியை ஏற்றிய அதே இரவில், பல்கலைக்கழக அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தை ஆடிய அந்த இளைஞர், களமிறங்கிய 11ஆம் வினாடியில் பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தார். எதிரே ஆடியது வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம். அதன்பிறகு அவர் எந்த அணிக்கும் உரியவராக இல்லாமல் எல்லா அணிகளுக்கும் உரியவரானார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக அவர் தொடங்கிய அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தவர்கள் எந்தச் சட்டை அணிபவர்கள் என்று யாரும் பார்க்கவில்லை. 2020ல் அவர் மறைந்தபோது கல்லூரி அணியைச் சேர்ந்தவர்களும் எங்களோடு சேர்ந்து துக்கம் கொண்டாடினார்கள்.

மரியாதை என்றால் அமைதியாக உட்கார்ந்திருப்பது என்று நான் சொல்லவில்லை. எதிரணி கோல்கீப்பரைப் பார்த்து, எல்லாவற்றையும் உள்ளே விடுகிறவர் என்ற கேலியாகச் 'சல்லடை' என்று ஒரே குரலில் கூவுவதும், ஹார்வர்டு அணி வரும்போது கார்னெல் பல்கலைக்கழக ரசிகர்கள் பனித்தளத்தில் மீன்களை வீசுவதும் இந்த விளையாட்டின் உயிரோட்டம். அவை இல்லாவிட்டால் கல்லூரி ஹாக்கியைப் பார்க்க எனக்கு இவ்வளவு ஆசை இருக்காது. ஆனால் வீரரின் குடும்பத்தை இழுப்பது, அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்துக் கைதட்டுவது, தோற்ற இரவில் இருபது வயதுப் பையனுக்கு வசைச் செய்தி அனுப்புவது ஆகியவை ஆதரவு ஆகாது. அந்த வயதில் படித்துக்கொண்டே ஆடுகிற மாணவன் மீது நடத்தும் தாக்குதல் அது. நம் பக்கத்திலிருந்து அப்படி ஒரு குரல் எழும்பும்போது, அருகில் இருக்கும் மூத்த ரசிகரே திரும்பி அதைக் கண்டிக்க வேண்டும். அரங்கக் காவலர் வரும்வரை காத்திருக்கக் கூடாது.