இருட்டை இவர்கள்தான் கண்டுபிடித்தார்களாம்!

அக்கா மகளுக்குப் பத்து வயது. லீவுக்குக் கோபிசெட்டிபாளையத்துக்கு வருகிறாள் என்று ஈரோட்டில் ஒரு கடையில் 550 ரூபாய் கொடுத்து ஒரு ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். அட்டையில் கடிகாரம் பிடித்த முயல், நீலச் சட்டைச் சிறுமி. குழந்தைகள் புத்தகங்களோடுதான் அடுக்கியிருந்தார்கள். "ஏனுங்க, சின்னப் பிள்ளைக்கு ஆகுங்களா?" என்று கேட்டேன். "ஆலிஸ் கதைதானுங்க, தாராளமா குடுங்க" என்றார் கடைக்காரர்.

கொடுப்பதற்கு முன் நானே படித்துப் பார்த்ததால் பிழைத்தேன். அதில் ஆலிஸைப் பைத்தியக்கார விடுதியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். முயல் கையில் வெட்டுக்கத்தி. பக்கத்துக்குப் பக்கம் ரத்தம்.

பழைய குழந்தைக் கதையைத் திகில் கதையாகத் திருப்பி எழுதும் இந்த மாதிரிப் புத்தகங்களில் நான் படிக்கும் மூன்றாவது இது. மூன்றிலும் ஒரே அச்சு. சிறுமி என்றால் பைத்தியம், வளரவே மாட்டாத சிறுவன் பீட்டர் பான் என்றால் பிள்ளை பிடிக்கிறவன். தேன் குடிக்கும் அந்தக் கரடி வின்னி த பூவைக்கூட விடவில்லை. 1926 புத்தகத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை 2022 தொடக்கத்தில் முடிந்தது. அடுத்த வருடமே அதைக் கொலைகாரனாக்கிப் படம் எடுத்து ஓட்டிவிட்டார்கள்.

பெரியவர்களுக்கு எழுதுகிறார்கள் என்றால் சரி, எழுதட்டும். எனக்கு வயிறு எரிவது பின்னட்டையைப் பார்த்துத்தான். பழைய கதை மறைத்த இருட்டை இவர்கள் வெளியே கொண்டுவருகிறார்களாம். எதை மறைத்தது? மூலத்தை ஒரு தடவையாவது படித்தார்களா?

மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் கதை 1881இல் குழந்தைகள் பத்திரிகையில் தொடராக வந்தபோது 15ஆம் அத்தியாயத்தில் அவனை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டார் அதை எழுதிய கொலோடி. அதற்கப்புறம்தான் கதை மறுபடி தொடர்ந்தது. 1900இல் வந்த ஓஸ் மந்திரவாதி கதையில் தகர மனிதன் 40 ஓநாய்களை வெட்டிச் சாய்க்கிறான். 1911இல் வந்த பீட்டர் பான் நாவலில், தன் கூட்டத்தில் வளர ஆரம்பிக்கும் பையன்களின் எண்ணிக்கையைப் பீட்டர் 'குறைத்துவிடுகிறான்' என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும். முதுகு சில்லிட்டுப் போகும்.

ஆனால் அதே நாவலின் முதல் அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. செத்துப்போகும் குழந்தைகள் பயப்படக் கூடாது என்று பீட்டர் அவர்களோடு வழியில் கொஞ்ச தூரம் துணைக்குப் போவானாம். அந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இவர்கள் கொட்டும் குடம் குடமான ரத்தத்தில் இதற்கு ஈடாக ஒரு சொட்டு இருக்கிறதா? ஆலிஸில் ராணி எல்லார் தலையையும் வெட்டச் சொல்லிக் கத்துகிறாள். பின்னாலேயே கிரிஃபன் என்ற கழுகுத் தலைச் சிங்கம், அதெல்லாம் அவள் நினைப்பு, யாரையும் வெட்டுவதே இல்லை என்று சொல்லிவிடுகிறது. பயமும் உண்டு, பிடித்துக்கொள்ள ஒரு கையும் உண்டு. இவர்கள் கையை வெட்டிவிட்டுப் பயத்தை மட்டும் விற்கிறார்கள்.

ரத்தத்துக்குப் பயந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்பாரு, அதாவது தாத்தா, மடியில் உட்கார்ந்து உடுக்கடியில் எங்கள் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவன் நான். கொம்பன் பன்றி வேட்டை, துரோகம், பொன்னரும் சங்கரும் மாண்டு விழுவது என்று எதையும் பிள்ளைகளுக்காக ஒளித்ததில்லை. அந்தக் கதையின் கடைசிப் போரை நடித்துக் காட்டும் படுகளத்தில் ஆட்கள் பிணம்போலச் சாய்வதைப் பார்த்துக் கதறியிருக்கிறேன். "அழாத சாமி, எழுப்புவாங்க பாரு" என்று அப்பாரு தோளைப் பிடித்துக்கொள்வார். எழுப்புவார்கள். தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். அதைப் பார்க்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருப்போம்.

இந்தப் புத்தகங்களில் எழுப்ப ஆளே இல்லை. சாய்த்துப்போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடைக்காரர்களே, தயவுசெய்து இவற்றை வேறு அலமாரியில் வையுங்கள். பதிப்பகத்தாரே, அட்டையிலேயே வயதைப் போடுங்கள், எங்காவது மூலையில் எறும்பு எழுத்தில் இல்லை, முன்னால், பெரிதாக.

நேற்று போனில் அக்கா மகள், "மாமா, முயல் புத்தகம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "வாங்கி வெக்கிறேன் கண்ணு" என்றேன். நாளைக்கு மறுபடி ஈரோட்டுக்கு பஸ் ஏற வேண்டும், 1865இல் வந்த அந்தப் பழைய ஆலிஸுக்காக.