ஜெபக்குறிப்புன்னு பேர் வச்சு அடுத்தவங்க வீட்டு விஷயத்தைப் பரப்பாதீங்க

அடுத்தவங்களுக்காக ஜெபிக்கிறதை ரொம்பப் பெரிய ஊழியமா நினைக்கிறவ நான். சாமுவேல் தீர்க்கதரிசி, உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாம இருந்தா அது கர்த்தருக்கு விரோதமான பாவம்னே சொல்றார் (1 சாமுவேல் 12:23). அவ்வளவு பெரிய விஷயம்ங்கிறதாலதான் மனசு பொறுக்காம எழுதுறேன். நம்ம சபை வாட்ஸ்அப் குரூப்கள்ல இப்ப ஜெபக்குறிப்புன்னு வர்றதுல பாதி ஊர்ப்பேச்சுங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு மறுபடியும் கரு தங்கல. அவங்க அம்மா ஆத்தமாட்டாம ஜெபக்குழு அக்கா ஒருத்தங்ககிட்ட மட்டும் சொல்லி அழுதிருக்காங்க, அன்னைக்கு ராத்திரியே குரூப்ல "அவசர ஜெபக்குறிப்பு, பேர் வேண்டாம், நம்ம சபைல டீச்சரா இருக்கிற ஒரு சகோதரி, கல்யாணமாகி நாலு வருஷம், கர்ப்பத்தின் கனிக்காக பாரத்தோட ஜெபிங்க"ன்னு வந்துடுச்சு. பேர் ஒண்ணுதான் இல்ல, மிச்சம் எல்லாம் இருக்கு. கீழ வரிசையா ஆமென், ஆமென், நடுவுல ஒருத்தர் "யாரு, ஸ்டேஷன் ரோட்டு வீட்டுப் பொண்ணா?"ன்னு கேக்குறார். அந்தப் பொண்ணும் அதே குரூப்லதான் இருக்கா. ஒவ்வொரு ஆமெனும் அவ போன்ல டிங் டிங்னு விழுந்திருக்கு. அப்புறம் ரொம்ப நாள் அவ சர்ச் பக்கமே வரல, வரலைன்னு அதுக்கும் ஒரு ஜெபக்குறிப்பு போட்டாங்க.

இதே பிள்ளையில்லாத வேதனையோடதான் வேதத்துல வர்ற அன்னாள் ஆலயத்துல நின்னு அழுதா. அங்க ஆசாரியரா இருந்த ஏலி முதல்ல குடிச்சிருக்கான்னு நினைச்சு கடிந்துக்கிட்டார், இல்ல ஆண்டவனே, மனக்கிலேசத்துல இருக்கேன்னு அவ சொன்னதும் சமாதானத்தோட போ, நீ கேட்டதை தேவன் கொடுப்பாராகன்னு அனுப்பி வச்சார். கவனிச்சுப் பாருங்க, என்னம்மா கேட்டேன்னு அவர் கேக்கவே இல்ல, அவளும் சொல்லல! விவரம் தெரியாமலே அவளுக்காக நின்னார். அதுக்கப்புறம் அவ முகத்துல துக்கம் இல்லைன்னு வேதம் சொல்லுது. பிள்ளை பிறக்கிறது அதுக்குப் பிறகுதான்.

நமக்கு மட்டும் ஏன் ஸ்கேன் ரிப்போர்ட் வரைக்கும் வேணும்? ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியாதா?

2006ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 1,802 பேர். தனக்காக நிச்சயமா ஜெபம் நடக்குதுன்னு தெரிஞ்சவங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் சிக்கல், ஜெபம் நடந்தும் நடக்குதா இல்லையான்னு தெரியாம இருந்தவங்கள்ல 52. இது தற்செயலா இருக்கலாம்னு ஆய்வு பண்ணினவங்களே சொன்னாங்க, ஜெபத்தை இப்படி அளந்துட முடியும்னு நானும் நம்பல. ஆனா ஜெபக்குழுவையே கூப்பிடுற அளவுக்கு நமக்கு முத்திப்போச்சான்னு நோயாளி பயந்திருப்பாரோன்னு அந்த டாக்டர்கள்ல ஒருத்தர் யோசிச்சது என் மனசுல நின்னுடுச்சு. படுத்திருக்கிறவங்களுக்கு நம்ம ஜெபமே ஒரு பாரமா போய் உக்காந்துடக் கூடாது.

தானே வாய்விட்டுக் கேக்கிறது வேற. பவுல் ரோமர் 15ல, எருசலேமுக்குப் போறேன், எனக்காகப் போராடி ஜெபிங்கன்னு வெளிப்படையாவே எழுதிக் கேக்கிறார். அது அவர் விஷயம், சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. அப்படிக் கேட்டா சபை முழுக்க முழங்கால்ல நிக்கட்டும், முழு இரவு ஜெபம் வைங்க, உபவாசம் இருங்க, நானும் வந்து உக்காருறேன்.

குரூப் நடத்துற அக்காமாரே, அண்ணமாரே, ஒரு குறிப்பு போடுறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவங்களுக்கு ஒரு போன் போட்டு "போடட்டுமா, எவ்வளவு சொல்லட்டும்"னு கேளுங்க. அம்மா சொன்னாங்க, மாமியார் சொன்னாங்கங்கிறது போதாது, அந்த ஆளே சொல்லணும். வேண்டாம்னா "ஒரு குடும்பத்துக்காக"ன்னு மட்டும் போடுங்க, போதும். யாருன்னு கேட்டு எவராவது கமென்ட் போட்டா உடனே டெலீட் பண்ணுங்க.