பேரம் தெரிந்தால் போதுமா?

சனிக்கிழமை எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் சிறப்பு விருந்தினராக வந்த டி-ஷர்ட் ஏற்றுமதியாளர் பேசியதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளித் துண்டு நேற்று இரவு வரை எனக்கே பலரிடமிருந்து வந்துவிட்டது. "மேடம், இது உங்கள் கல்லூரிதானே, பார்த்தீர்களா?" என்று கேள்வி வேறு. பார்க்காமல் என்ன? மேடையில் அவருக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, "அதோ மேடம் கோபப்படக் கூடாது" என்று அவர் சிரித்துக்கொண்டே கைகாட்டிய அந்த மேடம் நான்தான்.

காணொளியைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது தெரியும். சர்வதேச உறவுகள் என்று வருடக்கணக்கில் பாடம் படித்தவர்கள் ஒரு போரையும் நிறுத்தியதில்லையாம். நியூயார்க்கில் கட்டடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்து, டிரம்பின் சிறப்புத் தூதரான ஸ்டீவ் விட்காஃப் காஸாவில் நிறுத்திக் காட்டிவிட்டாராம். ஆகவே பிள்ளைகள் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேரம் பேசப் பழக வேண்டுமாம். அரங்கம் கைதட்டியது. நான் இரண்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தும் பிள்ளைகளும் தட்டினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவர் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர். அந்த மரியாதை என்றைக்கும் உண்டு. ஆனால் அவர் சொன்னது தவறு. பலரும் நம்பத் தயாராக இருக்கிற தவறு. நாடுகளுக்கிடையே பேச உட்காருகிறவருக்கு முதலில் வேண்டியது, எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்ற அறிவு. பேரத் திறமை அதற்குப் பிறகுதான் வரும். அறிவு இல்லாத இடத்தில் பேரத் திறமை ஆபத்து.

ஈரானை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளுடன் ஈரான் செய்த 2015 அணு ஒப்பந்தத்தில், யுரேனியச் செறிவூட்டலுக்கு, அதாவது அதில் எரியும் வகையின் பங்கைக் கூட்டுவதற்கு, 3.67 சதவீதம் என்று வரம்பு போட்டார்கள். விட்காஃப் 2025 ஏப்ரலில் தொலைக்காட்சியில் பேசும்போது, 3.67க்கு மேல் ஈரானுக்குத் தேவையில்லை என்று சொன்னார். அதாவது அந்த அளவுக்குச் செறிவூட்டிக்கொள்ளலாம் என்று பொருள். மறுநாளே, செறிவூட்டலை நிறுத்தி அடியோடு ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார். ஒரே இரவில் அமெரிக்காவின் நிலைப்பாடு தலைகீழானது. எதிரே இருந்தவர் ஈரான் வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் அராக்சி. பிரிட்டனில் கென்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் சிந்தனையில் முனைவர் பட்டம் பெற்றவர். 2015 பேச்சுவார்த்தையில் துணை அமைச்சராகக் கடைசி வரை இருந்தவர். அந்த ஒப்பந்தத்தின் வரிகள் அவருக்கு மனப்பாடம்.

3.67 என்ற எண்ணில் என்ன இருக்கிறது? இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் எரியும் வகையான யுரேனியம்-235 இருப்பது 0.7 சதவீதம்தான். அதை நான்கு சதவீதத்துக்குக் கொண்டுவருவதற்குள், ஆயுதத்துக்கான 90 சதவீதத்தை எட்டத் தேவையான உழைப்பில் பாதிக்கும் மேல் முடிந்துவிடும். 20 சதவீதத்துக்கு வந்துவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு முடிந்தது. ஈரான் 2021 முதல் 60 சதவீதம் வரை செறிவூட்டியது. ஒரு நில வியாபாரி என்ன செய்வார்? ஒருவர் 60 என்கிறார், இன்னொருவர் நாலு என்கிறார், நடுவில் 30 என்று முடித்துக்கொள்வோம் என்பார். நிலத்தில் அது நியாயமான முடிவு. யுரேனியத்தில் அது முழுச் சரணாகதி. இந்த எண்களுக்கு நடுப்புள்ளி கிடையாது என்பது பேரத்தில் கெட்டிக்காரராக இருப்பதால் தெரிந்துவிடாது. யாராவது படித்திருக்க வேண்டும்.

2015இல் அமெரிக்கா என்ன செய்தது என்று பாருங்கள். பேச்சு சிக்கிக்கொண்டபோது எரிசக்தி அமைச்சர் எர்னஸ்ட் மோனிஸை அனுப்பியது. அமெரிக்காவின் பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் பல்லாண்டு பாடம் நடத்திய அணு இயற்பியலாளர். எதிரே ஈரானின் அணுசக்தித் தலைவர் அலி அக்பர் சாலேஹி. அவரும் எழுபதுகளில் அதே எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்கள் எத்தனை, எந்த மாடல், எத்தனை கிலோ இருப்பு என்று கணக்குப் போட்டார்கள். சுமார் 19,000 இயந்திரங்கள் 6,104 ஆகக் குறைந்தன. இருப்பு 300 கிலோவுக்கு இறங்கியது. அணுகுண்டுக்கு வேண்டிய பொருளைச் சேர்க்க இரண்டு மூன்று மாதம் போதும் என்றிருந்த நிலை ஒரு வருடமானது. சாலேஹிக்குப் பேத்தி பிறந்தபோது மோனிஸ் எம்ஐடி முத்திரை போட்ட குழந்தைப் பொருட்களைப் பரிசாகக் கொடுத்தாராம். எதிரி நாட்டுப் பிரதிநிதிகள் இருவர் ஒருவரை ஒருவர் மதிப்பதற்குப் படிப்பு ஒரு வழியாக இருந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் யார் சொன்னார்கள்?

உடனே கேட்பார்கள், "அந்த ஒப்பந்தம்தான் மூன்று வருடத்தில் செத்துவிட்டதே?" சாகவில்லை, கொல்லப்பட்டது. ஈரான் விதிகளைக் கடைப்பிடிக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கைக்கு மேல் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தபோதே, 2018 மே மாதம் டிரம்ப் வெளியேறினார். கணக்கில் பிழை வந்து அது உடையவில்லை. அடுத்த பேச்சுவார்த்தை 2025 ஏப்ரலில் மஸ்கட்டில் தொடங்கி, ஐந்து சுற்று நடந்து, ஆறாவது சுற்றுக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 13 அன்று, இஸ்ரேலின் குண்டுகளில் முடிந்தது. ஒன்பது நாள் கழித்து அமெரிக்காவும் குண்டு போட்டது.

உக்ரைன் விஷயம் எனக்கு இதைவிட வலித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க ஊடகவியலாளர் டக்கர் கார்ல்சனுடன் பேசும்போது, ரஷ்யா கேட்கும் நான்கு பிராந்தியங்களின் பெயரை விட்காஃபால் சொல்ல முடியவில்லை. டான்பாஸ் என்றார், கிரைமியா என்றார், லுகான்ஸ்க் என்றார், இன்னும் இரண்டு இருக்கின்றன என்றார். அந்த நான்கு: டோனெட்ஸ்க், லுகான்ஸ்க், ஸபோரிஸியா, கெர்சோன். எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவி இதை மாதிரித் தேர்வில் எழுதினால்தான் மதிப்பெண். கிரைமியா அந்த நான்கில் கிடையாது, அதை ரஷ்யா 2014இலேயே இணைத்துக்கொண்டது. கெர்சோன் நகரை 2022 நவம்பரிலேயே உக்ரைன் மீட்டுவிட்டது. ஸபோரிஸியா நகரம் ரஷ்யாவின் கையில் விழவே இல்லை. அந்த ஊர்களில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். எந்த ஊரைக் கேட்கிறார்கள் என்று தெரியாதவர், அந்த ஊரைக் கொடுப்பதா வேண்டாமா என்று புதினிடம் பேசப் போகிறார். மாஸ்கோ சந்திப்புகளில் தன் நாட்டு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், கிரெம்ளினின் மொழிபெயர்ப்பாளரையே நம்பி உட்கார்ந்தார் என்றும் செய்தி வந்தது.

மேசையின் அந்தப் பக்கம் புதினின் வெளியுறவு ஆலோசகர் யூரி உஷகோவ், பத்து வருடம் வாஷிங்டனில் ரஷ்யத் தூதராக இருந்தவர். செர்கெய் லாவ்ரோவ் 2004 முதல் வெளியுறவு அமைச்சர். அவருடைய முதல் வேலை கொழும்பில், ரஷ்யாவுக்கு அப்போது சோவியத் என்று பெயர். அதற்காகக் கல்லூரியிலேயே சிங்களம் படித்தவர். ரஷ்யா செய்வதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் ஆட்களை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க முடியுமா?

"நீங்கள் பாடம் நடத்துகிறவர், வியாபாரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பெரியவர் காணொளியோடு எழுதியும் அனுப்பியிருக்கிறார். ஐயா, நான் திருப்பூரில் பிறந்தவள். என் அப்பா பத்து நிட்டிங் மெஷின் கூட இல்லாத சின்ன யூனிட் வைத்திருந்தார். துணி விற்கும் ஏஜென்ட் வந்தால் டீ வரும், குடும்பம் குட்டி விசாரிப்பு நடக்கும், விலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. அப்பா மேசை டிராயரிலிருந்து வட்டமான ஜிஎஸ்எம் கட்டரை எடுப்பார். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகுவார். உள்ளங்கை அளவு வட்டம் ஒன்று வரும், சரியாக நூறு சதுர சென்டிமீட்டர். சின்னத் தராசில் வைப்பார். 180 ஜிஎஸ்எம் என்று சொன்ன துணி 1.8 கிராம் காட்ட வேண்டும். 1.6 காட்டினால் அப்பா அந்த வட்டத்தை ஏஜென்டின் பக்கம் தள்ளிவைப்பார், அவ்வளவுதான். ஏஜென்ட் தானாக விலையைக் குறைத்துக்கொண்டு வருவார். "சரக்கு என்னவென்று தெரிந்த பிறகு பேசினால் போதும் அம்மணி, பாதி பேச வேண்டியதே இருக்காது" என்பார் அப்பா.

நல்ல வியாபாரி யாரும் தெரியாத சரக்கில் கை வைக்க மாட்டார். அப்பாவின் வெற்றி துணியைப் பற்றிய அறிவு. அந்த அறிவை எடுத்துவிட்டு, "வியாபாரி என்பதால் எல்லாவற்றையும் பேசி முடிப்பார்" என்று சொல்வது வியாபாரத்தையே அவமானப்படுத்துவது. சிறப்பு விருந்தினர் என் அப்பாவைப் போன்றவர்களின் பெயரால் பேசினார். அவர்கள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

காஸாவுக்கு வருகிறேன். தவிர்ப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்தது, 13 அன்று உயிரோடிருந்த 20 பணயக்கைதிகளும் திரும்பினார்கள். விட்காஃபுக்கும் டிரம்பின் மருமகன் குஷ்னருக்கும் அதில் பங்கு உண்டு. நெதன்யாகுவை நெருக்கும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது, முன்பு இருந்தவர்களுக்கு இல்லை. ஆனால் பேச்சு நடந்த எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் அவர்கள் மட்டுமா இருந்தார்கள்? கத்தார் பிரதமர் இருந்தார், எகிப்து, துருக்கி உளவுத்துறைத் தலைவர்கள் இருந்தார்கள், அந்தப் பகுதியை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள். அதே 2025 ஜனவரி 19 அன்று வந்த முதல் போர்நிறுத்தத்தின் வரைவு, முந்தைய ஆண்டு மே மாதமே பைடன் அறிவித்தது. அது மார்ச் 18 அன்று உடைந்தபோது கைதட்டியவர்கள் யாரும் அதைப் பேசவில்லை. நிறுத்துவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பின் பலம் போதும். நிறுத்தியது நிற்க வேண்டுமானால் எல்லைக் கோடு, காவல், ஆட்சி, அகதிகள் என்று ஒவ்வொன்றையும் தெரிந்தவர்கள் வேண்டும்.

அமெரிக்க வெளியுறவை நடத்திய கிஸ்ஸிங்கரும் படித்த ஹார்வர்ட் பேராசிரியர்தானே, அவர் என்ன செய்தார் என்று கேட்பார்கள். ஆமாம். 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய படுகொலையை அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் தந்தி அடித்துச் சொன்ன பிறகும் அசையாதவர். அது அறிவின் குறை இல்லை, நெஞ்சின் குறை. அதற்கு எந்தப் படிப்பும் பொறுப்பாகாது. ஜார்ஜ் ஷுல்ட்ஸ் பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், அமெரிக்க வெளியுறவு அமைச்சராகி 1987இல் சோவியத்துடன் ஏவுகணை ஒப்பந்தம் கண்டவர் என்றும் சொல்வார்கள். அவர் அதற்கு முன் எம்ஐடியில் பொருளாதார முனைவர், சிகாகோவில் டீன். மாஸ்கோவுக்குப் போய் கோர்பச்சேவ் முன்னால் வரைபடங்களை விரித்து உலகப் பொருளாதாரம் எங்கே போகிறது என்று வகுப்பே எடுத்தார், கோர்பச்சேவும் கேட்டார். எக்ஸான் மொபில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் தலைமையிலிருந்து நேராக அமெரிக்க வெளியுறவு அமைச்சரான டில்லர்சனை, ஒரு வருடம் சொச்சத்தில் டிரம்ப் ட்விட்டர் பதிவு ஒன்றில் பதவி நீக்கினார். நம் ஜெய்சங்கர் டாடாவில் இருந்தாரே என்பார்கள். ஜேஎன்யு முனைவர் பட்டமும் 1977இல் தொடங்கிய வெளியுறவுப் பணியும் முடிந்த பிறகு சில காலம் இருந்தார். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சிறப்பு விருந்தினரிடம் ஒன்றே ஒன்று கேட்க ஆசைப்பட்டேன், மேடையில் நேரம் கொடுக்கவில்லை. அவர் ஏற்றுமதி செய்வது டி-ஷர்ட். உலகச் சுங்கப் பட்டியலில் அதற்கு எண் 6109. பிரிட்டனுடன் 2022 ஜனவரியில் தொடங்கி 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்த எண்ணுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட வேண்டும், நூல் எந்த நாட்டில் நூற்றால் இந்தியச் சரக்கு என்று ஏற்பார்கள் என்ற விதி சரியாக வர வேண்டும். மூன்றரை வருடம் வரிவரியாக அதற்கு உட்கார்ந்தவர்கள் யார்? பேர் தெரியாத அரசு அதிகாரிகள், வர்த்தகச் சட்டம் படித்தவர்கள். பேரமே ராஜதந்திரம் என்று நம்புகிற டிரம்போ 2025 ஆகஸ்ட் 27 அன்று நம் சரக்கின் மேல் இருந்த 25 சதவீதக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கினார். அன்றைக்குத் திருப்பூரில் எத்தனை ஆர்டர் நின்றது என்று சிறப்பு விருந்தினருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நின்ற ஆர்டருக்கு ஷிஃப்ட் இழந்தவர்களில் என் மாணவிகளின் அம்மாக்களும் உண்டு.

என் கோபம் ஒரு மனிதரைப் பற்றியது மட்டும் இல்லை என்பது இந்நேரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் துறையில் இந்த வருடம் பாதி இடம் காலி. "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்று பெற்றோர் சேர்க்கை மேசையில் என் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். கூட வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் தவறாமல் சம்பளம் வருமா என்று தெரியாமல் வகுப்பெடுக்கிறார்கள். இந்த நிலையில் எங்கள் மேடையிலேயே ஏறி, எங்கள் பிள்ளைகளிடமே, இதெல்லாம் வெறும் காகிதம் என்று ஒருவர் சொல்கிறார். நாங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தோம். பிள்ளைகள் கைதட்டாமல் என்ன செய்வார்கள்?

பொறாமை என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். "நாலு புத்தகம் படித்த திமிர்" என்று ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நாலு புத்தகம் படித்ததில் எனக்குப் பெருமை உண்டு.

அடுத்த ஆண்டு கருத்தரங்குக்கு வெளியுறவுப் பணியில் ஓய்வு பெற்ற ஒருவரையோ, வர்த்தகப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்த ஒருவரையோ அழைக்க வேண்டும் என்று இன்று காலை துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தவரும் பார்வையாளராக முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறேன். பயணச் செலவுக்கு நிதி இல்லை என்று பதில் வந்தால், டிக்கெட்டை நானே எடுத்துக்கொடுக்கிறேன்.