வாழ்க்கை கொடுத்தவராம்!

மாற்றுத்திறனாளி மனைவியைக் கணவர் அடித்தார் என்று மூன்று நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தச் செய்தியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் வயிற்றெரிச்சல் அதன் கீழே வந்த ஒரு கமெண்ட். "இந்த நிலைமையில இருக்கிறவளுக்கு வாழ்க்கை கொடுத்தவன். கோபத்துல ரெண்டு தட்டு தட்டினா இப்படியா சந்தி சிரிக்க வைக்கிறது?" அதற்கு நானூற்றுச் சொச்சம் லைக். அதில் ஆறு பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். நல்லது, தெரிந்துகொண்டேன்.

வாழ்க்கை கொடுத்தவன். அவர் வருவதற்கு முன்னால் அவள் என்ன செத்தா கிடந்தாள்?

சனங்களை மட்டும் சொல்வானேன். மாற்றுத்திறனாளிகளான எங்களைக் கட்டிக்கொள்ள வருகிறவர்களை ஊக்குவிக்க அரசாங்கமே திருமண உதவி வைத்திருக்கிறது. 25,000 ரூபாய், பட்டதாரி என்றால் 50,000, தாலிக்கு 8 கிராம் தங்கம். நல்லெண்ணம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கின நாளில் இருந்து வீட்டில் ஒரு தியாகி உலவுகிறார், என்ன செய்ய?

எனக்கு இடது காலில் போலியோ. 2019இல் ஒரு நாள், குழம்பில் உப்பு என்று ஆரம்பித்த சண்டையில் என் கணவர், நான் காலில் மாட்டிக்கொண்டு நடக்கும் காலிப்பரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அடி இல்லை, காயம் இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கழிவறைக்குப் போனேன். ஒட்டடைக் கம்பை விட்டுப் பரணைத் துழாவினேன். ஒரு பழைய தலையணையும் தூசியும் விழுந்தன, காலிப்பர் இன்னும் உள்ளே போய்விட்டது. அம்மாவுக்குப் போன் போட்டால், "சாயங்காலம் வந்து எடுத்துக் குடுத்துடுவார்ல? உன்னைக் கட்டிக்க வந்ததே பெரிசும்மா" என்றாள். பெற்றவளே அந்த கமெண்ட்தான் போட்டாள், லைக் பட்டன்தான் இல்லை.

பிறகு காவல் நிலையத்தில் கேட்டார்கள்: "அடிச்சாரா?" இல்லை. "அப்புறம் என்ன கேஸும்மா?"

இதுதான் கேஸ். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 92ஆவது பிரிவு. எங்கள் உதவிக் கருவியை வேண்டுமென்றே சேதப்படுத்தினாலோ, பயன்படுத்த விடாமல் தடுத்தாலோ ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. அதே சட்டத்தின் 7ஆவது பிரிவில், கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூட நிர்வாக நடுவரிடம் சொல்லலாம். நம் ஊரில் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் என்றால் புரியும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், நீதிமன்ற நடுவர் நினைத்தால் அவரையே வீட்டை விட்டு வெளியே அனுப்பலாம். அன்றைக்கு அந்த நிலையத்தில் இதை ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

பெண்கள் உதவி எண் 181க்குப் பேசினேன். எடுத்த பெண் தங்கமான பெண். அவள் போகச் சொன்ன இடத்தில் வாசலில் நாலு படி, சாய்தளம் கிடையாது. கைப்பிடிகூட இல்லை. அழுதிருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது.

"கவனித்துக்கொள்கிறவருக்கும் களைப்பு வராதா?" வரும். எனக்குத் தெரியும், அம்மாவின் முதுகு போனது என்னைத் தூக்கித்தான். ஆனால் அம்மா என் செருப்பைக்கூட ஒளித்து வைத்ததில்லை. "ஆண்களும் அடிபடுகிறார்களே?" மாற்றுத்திறனாளி ஆண்களுக்கும் அதே 7ஆவது பிரிவு உண்டு, போய்ச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். "எல்லாக் கணவரும் அப்படியா?" இதற்குப் பதில் சொல்ல மாட்டேன். அலுத்துவிட்டது.

"அந்தப் பெண் ஏன் வெளியே வரவில்லை?" என்று கேட்ட தோழிக்கு மட்டும் ஒன்று. அடிக்கிற கைதான் அவளைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற கையும். கடும் பாதிப்புக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் வரும் ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப்பையில் இருந்தால், எந்தக் கையை, எந்தக் காசை நம்பி வெளியே வருவாள்?

அந்த ஆறு பேரையும் நட்பிலிருந்து நீக்கிவிட்டேன். அதில் ஒருவர் என் கல்யாணத்துக்கு வந்து குக்கர் கொடுத்தவர். குக்கர் இன்னும் நன்றாகத்தான் விசில் அடிக்கிறது.

இப்போது தனியாக இருக்கிறேன். வாடகைக்கு வீடு தேடியபோது தரகர், "தண்ணி வசதி பார்க்கலையாம்மா?" என்றார். நான் அண்ணாந்து பரண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.