இடித்தவரை விட்டுவிட்டு இன்டாக்கைத் திட்டுவது என்ன நியாயம்?

புதுச்சேரி தமிழர் பகுதியில் ஒரு பழைய வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் "பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான இன்டாக் என்ன செய்துகொண்டிருந்தது?" என்றே கேட்கிறார்கள். இடிக்கச் சொன்னவரைப் பற்றியோ, அதைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளைப் பற்றியோ ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்டாக் 1984-இல் பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம். அரசுத் துறை அல்ல. பழைய வீடுகளைப் பட்டியலிடவும், உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லவும், பழுதுபார்க்க வழிகாட்டவும் அதனால் முடியும். ஒருவர் தம் சொந்த வீட்டை இடிக்கும்போது நிறுத்தச் சொல்லி ஆணையிட முடியாது. கையில் இல்லாத அதிகாரத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பது எந்த ஊர் வழக்கு?

"இன்டாக்காரர்களுக்கு வெள்ளை நகரத்து (பிரெஞ்சுப் பகுதியின்) மஞ்சள் சுவர்கள் மட்டும்தான் கண்ணில் படும்" என்கிறவர்கள், அந்தப் பகுதியைத் தமிழர் பகுதியிலிருந்து பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே வைசியாள் வீதியில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமுமாக அங்கே மீட்கப்பட்ட முகப்புகள் தமிழ் வீடுகளுடையவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்த அந்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

என் பெரியப்பா வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். மழைக்கு ஓதம் ஏறிய சுவருக்கு யாரோ சொன்னார்கள் என்று சிமெண்ட் பூசினார்கள். உள்ளே சிக்கிய ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. பிறகு, பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த ஒருவர் சொல்லி வந்த வயதான கொத்தனார், சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்புக் காரை குழைத்துப் பூசினார். சுவர் காய்ந்தது. ஆனால் பங்காளிகள் பாகம் பிரித்தபோது வீடு விலைக்குப் போயிற்று. நல்ல காரையால் பாகப்பிரிவினையைத் தடுக்க முடியுமா? எந்தச் சங்கத்தால்தான் முடியும்?

உரிமையாளருக்குப் பராமரிக்கப் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அதற்கு வரிச் சலுகையும் மானியமும் கேட்டு அரசின் கதவைத் தட்ட வேண்டுமே தவிர, தன்னால் முடிந்ததைச் செய்கிறவர்கள் மீது பாய்வது எதற்கு? அரசின் கையிலேயே இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததே, அதற்கு யார் பதில் சொன்னார்கள்? அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021-இல் திறந்தபோது படம் எடுத்துக்கொண்டோம். விழுவதற்கு முன் அது விரிசல் விட்டு நின்ற காலத்தில் நம்மில் எத்தனை பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டோம்?

அவ்வளவு கோபம் இருக்கிறவர்கள், இடிக்க அனுமதி தரும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். இப்போதே எழுதுங்கள்; அதே தெருவில் இன்னொரு வீடு பூட்டிக் கிடக்கிறது.