கிரியேட்டினின் 1.0 என்றால் கிட்னி நன்றாக இருக்கிறதா?

செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) நோயாளி. எடை 50 கிலோ. சேர்த்தபோது ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையில் உருவாகி, கிட்னி வெளியேற்றும் கழிவு; கிட்னி திணறினால் ஏறும்) 0.8 மி.கி./டெ.லி., இரண்டாம் நாள் 1.0. பெரிய ஏற்றம் இல்லை என்று ஐசியு ரவுண்ட்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும். ஆனால் இதற்குள் 6 லிட்டர் திரவம் உடம்பில் கூடுதலாகத் தங்கியிருக்கிறது. அவருடைய உடல்நீரே சுமார் 30 லிட்டர்தான். கிரியேட்டினினை நீர்த்துப்போக வைக்கும் அந்தக் கூடுதல் நீரைக் கணக்கில் எடுத்தால் 1.0 என்பது உண்மையில் 1.2. 0.8-இன் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. கேடிகோ (சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பு) 2012 வரையறைப்படி இது முதல்நிலை சிறுநீரகப் பாதிப்பு! படுத்த படுக்கையில் தசை கரைந்தால் கிரியேட்டினின் உற்பத்தியே குறையும். ஏமாற்றம் இன்னும் கூடும்.

பயோமார்க்கர்கள் (பாதிப்பை முன்கூட்டியே காட்டும் ரத்த, சிறுநீர்க் குறியீடுகள்) தேவைப்படுவது இதனால்தான். 2005-ல் வெளியான சின்சினாட்டி ஆய்வில், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு 2 மணி நேரத்திலேயே சிறுநீரில் என்கால் (NGAL) என்ற புரதம் எகிறியது. கிரியேட்டினின் காட்டிக்கொடுக்க 1 முதல் 3 நாள் ஆனது. அதே என்காலை செப்சிஸில் அப்படியே நம்ப முடியாது. நியூட்ரோஃபில்களும் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) அதைச் சுரக்கும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும்.

செல் சுழற்சியை நிறுத்தும் டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 என்ற இரண்டு சிறுநீர்ப் புரதங்களையும் பெருக்கிப் பார்க்கும் டெஸ்ட்டில் 0.3-க்கு மேல் போனால் எச்சரிக்கை, 2.0-ஐத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம். இதற்குப் பையில் மணிக்கணக்காகத் தேங்கிய சிறுநீரை அனுப்பாதீர்கள். பையைக் காலி செய்துவிட்டுப் புதிதாக இறங்குவதை எடுங்கள்.

ரிசல்ட் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2017-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இந்த மார்க்கர் ஏறியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ரத்த ஓட்டத்தைக் கவனித்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்த்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்த குழுவில் பாதிப்பு 55.1 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 71.7. டயாலிசிஸ் தேவையிலும் இறப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

கிட் வாங்க வசதி இல்லாத ஐசியு-க்கள் கையைப் பிசைய வேண்டாம். மணிக்கணக்கு அளவு போட்ட யூரோமீட்டரை (சிறுநீரை அளக்கும் பை) மாட்டுங்கள். 50 கிலோ ஆளுக்கு 6 மணி நேரத்தில் 150 மி.லி.க்குக் கீழே போனால் அதுவே பாதிப்பின் அடையாளம். பாதிப்பு தொடங்கிவிட்டது, நீர்க்குறைவும் இல்லை என்றால் ஃப்ரூசிமைடு (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) கிலோவுக்கு 1 மி.கி. (முன்பே எடுத்தவருக்கு 1.5) கொடுத்துப் பாருங்கள். 2 மணி நேரத்தில் 200 மி.லி. தாண்டவில்லையா? நெஃப்ராலஜிஸ்ட்டை (சிறுநீரக மருத்துவர்) அப்போதே கூப்பிடுங்கள். மருந்துச் சீட்டில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய அமிகாசினும் (ஆன்டிபயாட்டிக்) டைக்ளோஃபெனாக்கும் (வலி மருந்து) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அந்த நிமிடமே பாருங்கள்.