காந்தப்புலம் உள்ளே நுழையும்

'மீக்கடத்திக்குள் காந்தப்புலம் நுழையவே நுழையாது' என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மீக்கடத்தி என்றால் மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள். அதில் இரண்டு வகை உண்டு, முதல் வகைக்கு மட்டும்தான் அவர் சொல்வது சரி. இங்கே பெங்களூரில் தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர். அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலும் இருக்கும் நயோபியம்-டைட்டானியம் கம்பி இரண்டாம் வகை. அதற்குள் புலம் மெல்லிய சுழல்களாக ஊடுருவுகிறது, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2.07×10⁻¹⁵ வெபர் காந்தப் பாயம். சுழலின் நடுவில் மட்டும் மீக்கடத்தல் அணைகிறது, சுற்றிலும் அப்படியே இருக்கிறது. சுழல்கள் நகர்ந்தால் மின்தடை வந்துவிடும். கம்பியில் உள்ள நுண்குறைகள்தான் அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன.

அப்புறம், இந்தச் சுழல்களின் கணக்கை '1957-இலேயே இயற்பியலாளர் அப்ரிகோசோவ் முழுதாகத் தீர்த்துவிட்டார்' என்பதும் தவறு. மீக்கடத்தலை விவரிக்கும் கின்ஸ்பர்க்-லாண்டாவ் சமன்பாடு நேரியலற்றது, அதனால் முழுதாகத் தீர்ப்பது கடினம். மீக்கடத்தல் அடியோடு அழியும் மேல் எல்லைப் புலத்துக்கு அருகில் மட்டும் அவர் அதை எளிமையாக்கி, சுழல்கள் சதுரமாக அடுங்கும் என்றார். 1964-இல் முக்கோண அடுக்குக்கே ஆற்றல் குறைவு என்று தெரிந்தது. ஆற்றலை ஒப்பிட உதவும் எண் சதுரத்துக்கு 1.18, முக்கோணத்துக்கு 1.16; சிறியதற்கே ஆற்றல் குறைவு. எவ்வளவு நூலிழை வித்தியாசம் பாருங்கள்!